ஏறக் கூடாத கோடு

என் மகளுக்கு வைவா நடந்த அன்று திருமங்கலத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு போனோம். ஆராய்ச்சிப் பட்டம் வாங்குகிறவர்களுக்குக் கடைசியில் வைக்கிற வாய்மொழித் தேர்வுதான் வைவா. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பார். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் விதி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த விதியை விசேஷமாகவே ஆக்கிவிட்டார்கள். மாலை உண்டு, பொன்னாடை உண்டு, முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு உண்டு. முடிவை வாசிக்கும்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும்.

எங்கள் வகையறாவில் ஒருத்தி இந்தப் பட்டம் வரைக்கும் போனது அதுதான் முதல் தடவை. எங்கள் பெரியவர்கள் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அங்கன்வாடியில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சின்னப் பிள்ளைகளோடு நாளெல்லாம் பேசுவேன். பெரியவர்கள் நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு வாய் திறக்காது. கல்யாண வீட்டில்கூட அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொள்வேன். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என் வீட்டுக்காரர் தவறிப்போனார். அதற்குப் பிறகு எங்களுக்கு வெளியில் நின்று பேசின ஆள் என் தம்பிதான். குட்டியானை வண்டி வைத்து மார்க்கெட்டுக்கு வெங்காயமும் தக்காளியும் ஏற்றிப் போகிறவன். என் மகளுக்குத் தாய்மாமன்.

மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்கிறவர்களுக்கு நான் "சயின்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வைவாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் அவள் என்னை உட்காரவைத்துச் சொன்னாள். அவளுக்கு வழிகாட்டுகிற பேராசிரியரை எல்லாரும் கைடு என்பார்கள். பொதுமக்களுக்கும் புரிகிற மாதிரி பேசிப் பழகு என்று அவர் சொல்லியிருந்தாராம்.

"யார்கிட்டயாவது பேசிப் பாக்கணும்மா. மத்தவுக புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிருவாக. நீ என்கிட்ட மட்டும் ஆட்ட மாட்ட."

அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். ஒரு பானைக்குள் நடக்கிறது அத்தனையையும் பானையின் சுவரிலேயே எழுதிவிடலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார்களாம். உள்ளே ஆழம் இருக்கிறது, கனம் இருக்கிறது. சுவர் வெறும் பரப்புதான். ஆனாலும் இரண்டும் ஒரே சங்கதியைச் சொல்கின்றன. உள்ளே போட முடியாத கணக்கைச் சுவரில் போட்டு விடை எடுத்துக்கொள்ளலாம்.

"ரேஷன் கார்டு மாதிரியா?" என்று கேட்டேன். வீட்டுக்குள்ளே இத்தனை பேர் என்று வெளியே ஒரு அட்டையில் எழுதியிருப்பதை நினைத்துத்தான் கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "கார்டைப் பாத்து நீ நேத்துத் தும்முனது தெரியுமா? இதுல தும்முனதும் தெரியும்மா. ஒன்னும் விட்டுப்போகாது."

"சரி, அதைத்தான் கண்டுபிடிச்சாச்சுங்கிறியே. நீ என்ன பண்ற?"

"சுவர் இருக்கிற உலகத்துக்குக் கண்டுபிடிச்சாச்சு. ஆனா அது காகிதத்துல மட்டும் இருக்கிற உலகம். நம்ம இருக்கிற உலகத்துக்குச் சுவரே கிடையாது. விரிஞ்சுக்கிட்டே போகுது."

"அப்ப எங்க எழுதுவாக?"

"கடைசியில."

"எந்தக் கடைசி?"

"காலத்தோட கடைசி. விரிஞ்சு விரிஞ்சு முடியிற இடம் ஒன்னு இருக்குல்ல, அதோட ஓரத்துல."

வீட்டுக்குப் பின்னால் ஊமத்தஞ்செடி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பூவைப் பறித்துவந்து காட்டினாள். காம்புப் பக்கம் சிறுத்து, வாய்ப்பக்கம் அகன்று விரிகிற பூ. கீழே இருப்பது ஆதி, மேலே போகப் போகக் காலம் என்றாள். வாயின் விளிம்பில் விரலை ஓட்டி, "இதுலதான் எல்லாம் எழுதியிருக்கணும்" என்றாள். அந்த எழுத்துக்குள் காலம் என்று ஒன்று கிடையாதாம். விளிம்பில் இருக்கிற கணக்கைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் நேற்று, இன்று என்பதெல்லாம் அதிலிருந்து வருமாம். இந்த இடத்தில் அவள் பேச்சை என்னால் பிடித்துக்கொண்டு போக முடியவில்லை. தலையை ஆட்டவும் இல்லை. "சரி, இன்னொரு வாட்டி சொல்றேன்" என்று அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்த மாதம் முழுக்கச் சாயங்காலங்களில் கேட்டேன். திரையில் காட்டப்போகிற படங்களை ஒன்றன்பின் ஒன்றாக லேப்டாப்பில் காட்டுவாள். படங்களின் வரிசை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. முதலில் பானை, பிறகு பூ, பிறகு எனக்குப் புரியாத எழுத்தாக ஒரு பதினைந்து இருபது, கடைசியில் "நன்றி" என்று தமிழில் ஒன்று.

அவளுக்கு அப்போது திருமங்கலத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் வேலை. பட்டம் இல்லாதவர்களை ஜூன் மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். அவள் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்த புத்தகம் முன்னமே ஒரு தடவை வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கைக்குப் போய், திருத்தி எழுது என்று திரும்பி வந்தது. அதிலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டது. இன்னொரு தடவை திரும்பினால் வேலை போய்விடும். அதனால்தான் இந்த வைவாவை நாங்கள் அம்புட்டு எதிர்பார்த்துக் கிடந்தோம்.

வைவாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"என்ன ஆத்தா?"

"கடைசி அத்தியாயத்துல ஒரு இடம் தப்பும்மா."

விரிந்து முடிந்த உலகம் எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம், எந்த வடிவத்துக்கு எம்புட்டு வாய்ப்பு என்று சொல்கிற கணக்குதான் அவளுடையது. எல்லா வாய்ப்பையும் கூட்டினால் ஒரு முழுசுக்குள் அடங்க வேண்டும். எந்த வடிவத்துக்கும் அடங்கும் என்று அவள் புத்தகத்தில் எழுதியிருந்தாள். ஒரு பக்கமாக நசுங்கின வடிவத்துக்கு அடங்கவில்லை, போகப் போக ஏறிக்கொண்டே போகிறது என்று அன்று காலையில்தான் பார்த்திருக்கிறாள்.

"கைடு சாருக்குத் தெரியுமா?"

"போன் பண்ணிட்டேன். ரெண்டு பேராசிரியருங்க படிச்சு ஒத்துக்கிட்டாங்க, இப்பப் போய் நீயா வாயத் திறக்காதம்மா, பட்டம் வரட்டும், பின்னாடி திருத்திக்கலாம்கிறாரு."

அவர் நல்ல மனுஷர். என் மகளுக்காக எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறார். அவர் சொன்னதிலும் எனக்குக் குற்றம் தெரியவில்லை.

"சொன்னா என்ன ஆகும்?"

"திரும்ப அனுப்புனாலும் அனுப்பிருவாங்க."

"சொல்லாட்டி?"

"ஒன்னும் ஆகாது. யாரும் பாக்கல."

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தோசைக்கல்லு காய்ந்து புகை வந்துவிட்டது. அவளே அடுப்பைத் தணித்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இது ஒன்றும் தெரியாமல் தம்பி ஒரு பக்கம் தடபுடல் பண்ணிக்கொண்டிருந்தான். எழுமலையிலிருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி வேன் பிடித்தான். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே டீக்கடை மேல் பிளக்ஸ் கட்டிவிட்டான். வேன் அங்கே நின்றபோதுதான் நாங்கள் பார்த்தோம். "பிரபஞ்சத்தின் ஓரத்தைக் கண்ட எங்கள் முனைவரே வருக வருக" என்று போட்டிருந்தது. பின்னால் நட்சத்திரக் கூட்டம். ஒரு மூலையில் என் மகள் படம். அதைவிடப் பெரிசாக, கைகூப்பின மாதிரி தம்பி படம்.

"மாமா, இன்னும் பட்டமே தரலையே! அதுக்குள்ள முனைவர்னு போட்டுட்டீங்களே" என்றாள் மகள்.

"சாயங்காலம் தந்துருவாகல்ல தாயி? காலையில கட்டுனாத்தான் நாலு பேரு பாப்பாக."

"அவுத்துருங்க மாமா."

"கட்டுனதை அவுக்கிறதா? நல்ல காரியத்துக்குப் போறப்ப பேசுற பேச்சா இது? யக்கா, நீயாச்சும் சொல்லு."

நான் மகள் முகத்தைப் பார்த்தேன். அவள் பிளக்ஸைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன முடிவு எடுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

வேனில் எழுமலைக்காரர் ஒருவர், அங்கே இங்கிலீசில் பேசுவார்களே, நமக்கு என்ன விளங்கும் என்று கேட்டதற்குத் தம்பி தைரியம் சொல்லியிருந்தான். அவன் செல்போனில் தினமும் காய்கறி விலை ஏறி இறங்குகிற படத்தைப் பார்க்கிறவன். "படம் போடுவாகண்ணே. கோடு மேல போச்சுன்னா நல்லது. கீழ வந்துச்சுன்னா மோசம். நான் கைதட்டுறப்ப நீங்களும் தட்டுங்க, போதும்" என்றான்.

துறையில் ஒரு நீளமான ஹால். முன்வரிசையில் பேராசிரியர்கள், நடுவில் மாணவர்கள், அவர்களுக்குப் பின்னால் பட்டுச்சேலையும் வெள்ளை வேட்டியுமாக எங்கள் ஆட்கள். நான் கடைசி வரிசையில் தூண் மறைவில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துகொண்டேன். வெளியூர்ப் பேராசிரியர் மெலிந்த மனிதர். வயது என் வயது இருக்கும். புத்தகத்தில் அங்கங்கே சீட்டு வைத்திருந்தார்.

மகள் இங்கிலீசில் பேச ஆரம்பித்தாள். குரல் முதலில் கொஞ்சம் கம்மியது. பானை வந்தது. பூ வந்தது. பூ வந்ததும் தம்பி பக்கத்தில் இருந்தவரிடம், "ஊமத்தம்பூ, எங்கக்கா வீட்டுப் பூ" என்று காதில் சொன்னது எனக்கே கேட்டது. பிறகு எழுத்துப் படங்கள். ஒவ்வொன்றாக எண்ணாமலே எனக்குத் தெரிந்தது. இதோ கடைசிக்கு முந்தினது, அடுத்து நன்றி.

நன்றி வரவில்லை. நான் பார்த்தே இராத ஒரு படம் வந்தது. ஒரு கோடு தரையோடு தரையாகப் போய், திடீரென்று திரும்பி, திரையின் உச்சிக்கு ஏறிப் போயிருந்தது. சொல்லப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

அவள் வாயைத் திறக்கும் முன்னே தம்பி கைதட்டினான். அவன் தட்டவும் எங்கள் ஆட்கள் மொத்தமும் தட்டினார்கள். எழுமலைக்காரர் ஒருவர் விசிலே அடித்துவிட்டார். முன்வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கைடு சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

மகள் அப்படியே நின்றாள். அழப் போகிறாளோ என்று நினைத்தேன். உதடு துடித்தது. பார்த்தால் சிரிப்பை அடக்குகிறாள்.

"மாமா, கைதட்டாதீங்க" என்றாள் மைக்கிலேயே. "அந்தக் கோடு ஏறக் கூடாது."

வெளியூர்ப் பேராசிரியர் எழுந்து பின்பக்கம் திரும்பி, "எதுக்குக் கைதட்டினீங்க?" என்று கேட்டார். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தம்பி எழுந்து வேட்டியைச் சரிபண்ணினான். "கோடு மேல போகுதுல்லங்கய்யா."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு என் மகளிடம், "ஏன் ஏறக் கூடாதுன்னு அவருக்கே சொல்லுங்கம்மா. தமிழ்லயே சொல்லுங்க" என்றார்.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "மாமா, ஒரு வயலைப் பங்கு போடுறோம்னு வச்சுக்கங்க. எல்லாப் பங்கையும் கூட்டினா என்ன வரும்?"

"அந்த வயலுதான் வரும்."

"ஒருத்தர் பங்கே மொத்த வயலைவிடப் பெரிசா வந்தா?"

"அப்ப பத்திரம் எழுதுனவன் களவாணிப்பய" என்றான் தம்பி. மாணவர்கள் சிரித்தார்கள்.

"பத்திரம் எழுதுனது நான்தான் மாமா" என்றாள்.

சிரிப்பு நின்றுபோனது. அவள் பேராசிரியரைப் பார்த்துத் திரும்பி, தமிழிலேயே சொன்னாள். எல்லா வடிவத்துக்கும் கணக்கு அடங்கும் என்று கடைசி அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன், ஒரு பக்கமாக நசுங்கின வடிவத்துக்கு அடங்கவில்லை, புத்தகம் அச்சாகி அனுப்பின பிறகுதான் பார்த்தேன், அந்தப் பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒரு மூச்சில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

தம்பி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். "இது உனக்கு எப்பத் தெரியும் தாயி?"

"போன வாரம் மாமா."

"பிளக்சுக்கு ஆர்டர் குடுக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இந்தத் தடவை பேராசிரியர்களும் சிரித்துவிட்டார்கள். தம்பி சிரிக்கவில்லை. வெளியூர்ப் பேராசிரியரைப் பார்த்து, "அய்யா, அப்ப பட்டம் உண்டா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டான். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் கேள்வி கேக்கணும். கேட்டுட்டு, உள்ள போய்ப் பேசிட்டு வந்து சொல்றோம். உக்காருங்க."

கொஞ்சம் கேள்வி என்றாரே தவிர நிறையக் கேட்டார். இருவரும் கரும்பலகைக்கே போய்விட்டார்கள். அவர் ஒரு வரி எழுதுவார், இவள் அதன் கீழே ஒன்று எழுதுவாள். அவர் அதை அடித்துக் காட்டுவார், இவள் இல்லை என்று தலையசைத்து வேறு மாதிரி எழுதுவாள். அந்தத் தப்பு மற்ற அத்தியாயங்களையும் பிடித்திருக்கிறதா என்று பார்த்தார் என்பது பிறகு மகள் சொல்லித்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் குரலில் கம்மல் இல்லை என்பதுதான். மாணவர்கள் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களும் ஏதோ வழக்கு நடக்கிற மாதிரி அசையாமல் இருந்தார்கள்.

பேராசிரியர்கள் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். வந்தவர்களுக்குக் கொடுக்கத் தம்பி வாங்கி வந்த சமோசாப் பெட்டி அங்கேயே இருந்தது. முடிவு தெரியாமல் எடுத்துச் சாப்பிட ஒருவருக்கும் மனசில்லை.

மகள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"கோவமாம்மா?"

"இல்ல."

"ஜூன்ல வீட்டுல உக்காரணும்னாலும் உக்காரணும்."

"உக்காரு. அதுக்கென்ன" என்றேன். சொல்லும்போது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

தம்பி வந்தான். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன மாமா பண்ணியிருப்பீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எழுமலைக்காரவுகளுக்குச் சொல்லியிருக்க மாட்டேன்." பிறகு, "பட்டம் குடுத்தாலும் குடுக்காட்டியும் ஒருத்தரும் சாப்பிடாமப் போகக் கூடாது. பிரியாணி சூடா இருக்கு, ஆமா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

கதவு திறந்தது. எல்லாரும் ஹாலுக்குள் போய் உட்காராமல் நின்றோம். வெளியூர்ப் பேராசிரியர் இங்கிலீசில் வாசித்தார். முடித்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். "முதல் நாலு அத்தியாயமும் சரியா நிக்குது. அஞ்சாவதுல அந்தப் பகுதியை எடுத்துட்டு, கணக்கு எங்க உடையுதுங்கிறதை எழுதணும். அதை எழுதி, நாங்க பாத்த பிறகு பட்டம்" என்றார்.

"அப்ப இருக்குன்னுதானேங்கய்யா அர்த்தம்?"

"இருக்கு. ஆனா இன்னைக்கு இல்ல."

தம்பி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, போடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். அந்த மாதிரி முடிவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கடைசியில் மாலையை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லாரையும் பந்திக்குக் கூப்பிட்டான். கைடு சார் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் பயந்துட்டேம்மா" என்றார். அவர் இலையில் இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னேன்.

திருத்தின புத்தகம் போய், ஜூனுக்குள் பட்டம் வந்துவிட்டது. வேலையும் கைவிட்டுப் போகவில்லை. அதற்கு நடுவில் ஒரு காலை நேரம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வைவா முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். மகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பக்கத்துல இரும்மா" என்றாள்.

கடைசி அத்தியாயம் திரையில் இருந்தது. தப்பான அந்தப் பகுதியைப் பக்கம் பக்கமாக நீல நிறத்தில் குறித்தாள். எத்தனையோ மாதம் எழுதினது. ஒரு பொத்தானை அழுத்தினாள். எல்லாம் போய் வெள்ளையாக நின்றது. நாங்கள் இருவரும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மெதுவாக எழுத ஆரம்பித்தாள். கொஞ்சம்தான் எழுதினாள்.

"என்ன எழுதியிருக்க?"

"ஒரு பக்கமா நசுங்குனா கணக்கு அடங்கல, ஏன்னு இப்போதைக்குத் தெரியலன்னு."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதாம்மா இப்ப உறுதியாத் தெரியும்."

அதோடு எழுந்திரிப்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் கிடந்த ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து, பின்பக்கம் அந்த நசுங்கின வடிவத்தை வரைந்து ஏதோ கணக்குப் போடத் தொடங்கினாள்.

"காலேஜுக்கு நேரமாச்சு. பஸ்ஸு போயிரும்" என்றேன்.

"போறேன், போறேன்" என்றாள். எழுந்திரிக்கவில்லை. நான் போய் அவளுக்குச் சோறு கட்டினேன்.